கச்சேரியைப் பதிய வரும் பிள்ளைகளுக்கு

பிரம்மதேசத்திலிருந்தும் திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்தும் மார்கழியில் சென்னைக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பறையும் எலெக்ட்ரிக் கிதாரும் ஒரே மேடையில் முழங்கும் நிகழ்ச்சிகளுக்குப் போகிறார்கள். திரும்பி வந்ததும் ஆசையாகப் போனை நீட்டுவார்கள். இருபது நொடி, நாற்பது நொடித் துண்டுகள். பாதிக்கு மேல் பக்கத்தில் நின்றவரின் விசில். அந்த ஆசை நல்ல ஆசை. திரௌபதி அம்மன் கோயில் கூத்தைக் கேசட்டில் பிடித்த காலம்தொட்டு இந்த வேலையில் இருக்கிறேன். ராக் குழுவின் கச்சேரியானாலும் விடிய விடிய நடக்கும் கூத்தானாலும், ரசிகர் எடுக்கும் பதிவுக்கு வேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைச் சொல்கிறேன்.

1. எதைப் பதியப் போகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்.

பாட்டு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. ஸ்டுடியோவில், நல்ல மைக்கில், பலமுறை பாடிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வடிவம் எல்லோருக்கும் கிடைக்கிறது. அதோடு உங்கள் போன் போட்டி போட முடியாது, போட வேண்டியதும் இல்லை. நீங்கள் பதிவது அந்த இரவை.

2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, ராக், ராப் மூன்றும் அங்கே கலந்தன. பறை, சட்டி, கட்டமோளத்தோடு டிரம்ஸும் கிதாரும் இருந்தன. அந்தக் குழுவின் பாடல்களைப் பிறகு இணையத்தில் யாரும் கேட்கலாம். ஆனால் ஒரு வரி முடிந்ததும் கூட்டம் அதை எப்படி வாங்கிக்கொண்டது, பாடுகிறவர் அந்தச் சத்தம் அடங்கும்வரை எவ்வளவு நேரம் பொறுத்திருந்தார், பறைக்காரர் அந்த இடைவெளியை எதைக்கொண்டு நிரப்பினார் என்பதெல்லாம் ஆல்பத்தில் வராது. கானா சாவு வீட்டு வாசலிலும் தெருமுனையிலும் வளர்ந்த பாட்டு. கேட்பவர்களின் பதில்குரல் அதில் பாதி.

கர்நாடக சங்கீதத்திலும் இதே கதைதான். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடம்தான் அடங்கும். மதுரை மணி ஐயர் ஸ்வரம் பாட உட்கார்ந்தால் அந்த நேரம் தொடக்கத்துக்கே போதாது. அவர் 1968இல் மறைந்தார். இன்று அவரை விரிவாகக் கேட்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் கச்சேரிகளில் எடுத்த பதிவுகள். ரசிகர்கள் ஸ்பூல் டேப்பைச் சுமந்துகொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்காவிட்டால், அந்த மனிதரின் பெரும்பகுதி நமக்கு வெறும் பேச்சாகத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

நம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே நடந்த கல்விச்சாலையில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், யாருக்கு எவ்வளவு நெல் என்பதுவரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அத்தனை பேரும் ஓதியபோது எப்படிக் கேட்டது என்பதற்கு ஒரு சாட்சியும் கிடையாது. ஒலிக்குச் சாட்சி வைக்கும் வசதி நம் தலைமுறைக்குத்தான் இவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்கிறது.

2. முழுவதையும் பதியுங்கள்.

இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். பிடித்த பாட்டு வரும்போது மட்டும் பொத்தானை அமுக்கும் பழக்கம் வேண்டாம்.

அமெரிக்காவில் டீன் பெனடெட்டி என்று ஒரு சாக்ஸபோன் கலைஞர் இருந்தார். சார்லி பார்க்கரின் ஜாஸ் வாசிப்பில் உயிரையே வைத்திருந்தவர். 1947, 48இல் பார்க்கர் வாசித்த சில கிளப்புகளுக்குக் கருவியோடு போய்ப் பதிந்தார். ஆனால் பெரும்பாலும் பார்க்கர் தனியாக வாசிக்கும் பகுதியை மட்டும் பிடித்தார். மற்றவர் வாசிக்கத் தொடங்கினால் நிறுத்திவிடுவார். அவருக்கு வட்டும் நாடாவும் அருமையான பொருள், வேறு வழியில்லை. அந்தப் பதிவுகள் 1990இல் மொசைக் நிறுவனத்தின் வெளியீடாக வந்தன. கேட்டால் பார்க்கர் அற்புதமாக எழுவார். அடுத்த கணம் அறுந்துவிடும். அவருக்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்று தெரியாது.

பெனடெட்டிக்கு இருந்த தட்டுப்பாடு உங்களுக்கு இல்லை. கணக்குப் பாருங்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல் வேவ் கோப்பு என்றால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிகாலை ஆறு வரை போகும் கூத்துக்கு 8 ஜிபி சொச்சம். 32 ஜிபி அட்டையில் மூன்று இரவுகள் அடங்கும். அன்று சி-60 கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம்தான். புரட்டிப் போடும் நேரத்தில் பீமன் பாதிச் சபதம் பண்ணியிருப்பான்.

முழுவதும் என்றால் தொடக்கத்துக்கு முன்பிருந்தே. கூத்தில் வேஷக்காரர் வருமுன் களரி கட்டும்போது வாசிப்பார்களே, மிருதங்கமும் ஹார்மோனியமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து ஊரைக் கூட்டுமே, அதை வெட்டிவிட்டுக் கட்டியங்காரன் வரவிலிருந்து பதிகிறவர்கள் உண்டு. குழுவின் கைத்திறன் முழுக்கத் தெரியும் இடம் அது. ராக் கச்சேரியில் சுருதி சேர்ப்பது, டிரம்ஸைத் தட்டிப் பார்ப்பது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மைக்கில் பேசுவது எல்லாம் இருக்கட்டும். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரிக் குழுவுக்கு நடுப்பேச்சும் நிகழ்ச்சிதான். எதற்காகப் பாடுகிறோம் என்று அங்கேதான் சொல்கிறார்கள்.

3. அனுமதி கேளுங்கள்.

கூத்து என்றால் குழுவின் வாத்தியாரிடமும் கோயில் பொறுப்பில் இருப்பவரிடமும். கச்சேரி என்றால் நடத்துபவரிடமும் குழுவிடமும். பெரும்பாலும் சரி என்பார்கள். மாட்டேன் என்றால் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம் 38ஆம் பிரிவில் கலைஞர்களுக்கு நிகழ்த்துவோர் உரிமையைக் கொடுத்தது. அது இப்போது 50 ஆண்டுகள் செல்லும். யார் நிகழ்த்துவோர் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் நடிகர், பாடகர், ஆட்டக்காரர் மட்டுமல்லாமல் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட வருகிறார்கள். ஆகவே கூத்துக் கலைஞருக்கு என்ன உரிமை என்று யாரும் கேட்க வேண்டாம். சொந்தப் பயன்பாட்டுக்கும் நேர்மையான கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் எடுக்கும் பதிவை 39ஆம் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. அந்த விலக்கு நீங்கள் கேட்பதற்கு. விற்பதற்கோ யூடியூபில் ஏற்றுவதற்கோ அல்ல. அரங்கத்தின் டிக்கெட்டில் தனியாக நிபந்தனை போட்டிருந்தால் அதையும் படித்துக்கொள்ளுங்கள்.

ஒளித்து எடுத்தவர்களின் கதை சுவாரசியமாகத்தான் இருக்கும். 1970களில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் மைக் மில்லர்ட் என்பவர் கனமான டேப் ரெக்கார்டரை மறைத்துக் கொண்டுபோகச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அரங்கத்துக்குள் நுழைவாராம். லெட் செப்பலின் குழுவின் கச்சேரிகளை அவர் பதிந்த தரத்தை இன்றும் புகழ்கிறார்கள். காது அபாரமான காது. ஆனாலும் வழிகாட்டி என்று நான் காட்டுவது இன்னொரு குழுவை. கிரேட்ஃபுல் டெட் 1984 அக்டோபரில் தன் கச்சேரிகளில் பதிகிறவர்களுக்கென்றே ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால் இடம் ஒதுக்கி, தனி டிக்கெட்டும் கொடுத்தது. காசுக்கு விற்காமல் ஆளுக்கு ஆள் பரிமாறிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்தக் குழுவின் பல்லாயிரம் மணி நேர வாசிப்பு இன்று கேட்கக் கிடைப்பதற்கு அந்த நம்பிக்கை காரணம். நம் ஊர்க் குழுக்களும் இப்படி ஓர் இடம் ஒதுக்கலாம் என்று பலரிடம் சொல்லி வருகிறேன்.

4. நிற்கும் இடம்தான் பாதிப் பதிவு.

விலை உயர்ந்த கருவி வாங்குவதற்கு முன் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேடைக்கு ஒட்டி முன்வரிசையில் நின்றால் கண்ணுக்கு விருந்து, காதுக்கு இல்லை. பாடுகிறவர் குரல் பக்கவாட்டு பாக்ஸிலிருந்து உங்கள் தலைக்கு மேலே போய்விடும். காலடியில் இருக்கும் பேஸ் பாக்ஸ் உங்கள் மைக்கை நிரப்பிவிடும்.

சவுண்டு சர்வீஸ்காரர் மிக்சரை எங்கே போட்டிருக்கிறார் என்று பாருங்கள். அவர் தன் காதில் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார். ஆகவே அவருக்கு முன்னாலோ பின்னாலோ, இரண்டு பக்க பாக்ஸுக்கும் நடுக்கோட்டில் நில்லுங்கள். நடுக்கோடு ஏன் என்றால், நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. ஒரு பாக்ஸ் உங்களுக்குப் பத்து மீட்டரும் இன்னொன்று நாற்பத்தைந்து மீட்டரும் தள்ளி இருந்தால், ஒரே பறையடி பத்தில் ஒரு நொடி இடைவெளியில் இரண்டு முறை வந்து விழும். தாளம் கலங்கிவிடும்.

கூத்தில் கணக்கு வேறு. ஆட்டக் களத்துக்கு மேலே கயிற்றில் மைக்கைத் தொங்கவிடுவார்கள். வேஷக்காரர் கிறுக்கி சுற்றும்போது குரல் மைக்கை விட்டு விலகி மறுபடி வரும். கோன் ஸ்பீக்கருக்கு எதிரில் உட்கார்ந்தால் அந்த ஏற்ற இறக்கமும் குழாயின் தகரக் குரலும் மட்டும் கிடைக்கும். களத்தின் பக்கவாட்டில், மேளக்காரர்களுக்கு எதிர்ப்புறம், தரையில் உட்காரும் கூட்டத்தின் தலைக்குச் சற்று மேலே கருவி இருக்கும்படி ஒரு சின்ன ஸ்டாண்டில் வையுங்கள். சலங்கை, காலடி, பின்பாட்டு, ஸ்பீக்கரைத் தாண்டி வரும் நேர்க்குரல் எல்லாம் அப்போதுதான் சேரும். முகவீணைக்கு மிக அருகில் மட்டும் போகாதீர்கள். அதன் குரல் மற்றதையெல்லாம் துளைத்துவிடும்.

5. ஒலி மட்டத்தைக் குறைத்தே வையுங்கள்.

போனில் பதிந்தது ஏன் மூச்சு வாங்குவது மாதிரிக் கேட்கிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பேச்சைப் பிடிக்கத்தான் போனைச் செய்திருக்கிறார்கள். சத்தம் எழுந்தால் தானாக இறக்கும், அடங்கினால் தானாக ஏற்றும். பறை ஓங்கி விழுந்ததும் பாடுகிறவர் குரலும் சேர்ந்து அமுங்கும். அடி ஓய்ந்ததும் கூட்டத்தின் இரைச்சல் மேலே வரும். கச்சேரியில் எழுச்சியும் தணிவும்தான் உயிர், போன் இரண்டையும் சமமாக்கிவிடுகிறது. அந்தத் தானியங்கி ஏற்ற இறக்கத்தை நிறுத்த அனுமதிக்கும் பதிவுச் செயலியைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். கையடக்க ரெக்கார்டர் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

மட்டத்தை முன்னேற்பாட்டின்போது பார்த்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொடும் அளவுக்கு நிறுத்துங்கள். நிகழ்ச்சி சூடு பிடித்தால் எல்லோரும் ஓங்கித்தான் வாசிப்பார்கள், அதற்கு இடம் வேண்டும். தணிந்து பதிந்ததை வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம். உச்சியில் மோதி உடைந்த ஒலியை யாராலும் மீட்க முடியாது. 32 பிட் ஃப்ளோட் என்று புதிதாக வரும் கருவிகளில் இந்தக் கவலை பெருமளவு இல்லை. ஆனால் அதிலும் மைக்கே தாங்காத சத்தத்துக்கு மருந்து கிடையாது. மரக்காணம் பக்கத்துக் கடற்காற்றில் பதிகிறவர்கள் மைக்குக்குப் பஞ்சு உறை போடாமல் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

6. கருவிக்கு அருகில் இருக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

கூடவே பாடத் தோன்றும். கை தட்டத் தோன்றும். நண்பரை நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய் ஆடிவிட்டு வாருங்கள்.

7. போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். பவர் பேங்க் எடுத்துப் போங்கள். பழைய முறையில் ஃபார்மட் செய்த அட்டைகளில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. கருவி தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்குகிறதா என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

8. பெயர் எழுதாத பதிவு அநாதை.

பொத்தானை அமுக்கியதும் உங்கள் குரலில் சொல்லுங்கள்: இன்ன தேதி, இன்ன ஊர், இன்ன கோயில் அல்லது மைதானம், இன்ன குழு. கூத்து நள்ளிரவைத் தாண்டும். இரண்டு தேதியும் சொல்லுங்கள். என்ன கதை, அர்ச்சுனன் தபசா, பதினெட்டாம் போரா. வடக்கத்திப் பாணியா, தெற்கத்திப் பாணியா.

பிறகு பெயர்கள். துரியோதனன் வேஷம் கட்டியவர் பெயர் நோட்டீஸில் இருக்கும். மிருதங்கக்காரர், முகவீணைக்காரர், தாளம் போட்டவர் பெயர் பல நோட்டீஸ்களில் இருக்காது. விடிந்ததும் அரிதாரம் கலைக்கும் இடத்துக்குப் போய் டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள். யாரிடம் கற்றார்கள் என்றும் கேளுங்கள். கச்சேரியிலும் அப்படித்தான்: பாடுகிறவரை உலகத்துக்குத் தெரியும், சட்டி வாசித்தவர் யார் என்று நீங்கள் எழுதினால்தான் உண்டு. 38-பி பிரிவு கலைஞருக்குத் தன் பெயரைச் சொல்லும்படி கேட்கும் உரிமையையே தந்திருக்கிறது. அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

என்ன கருவி, எங்கே நின்றீர்கள், எந்த வடிவத்தில் பதிந்தீர்கள் என்பதையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி, பதிவோடு ஒரே கோப்புறைக்குள் போடுங்கள். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தொடங்கினால் நூறு பதிவு சேர்ந்தாலும் தானாக வரிசையாகும்.

9. மூலத்தைத் தொடாதீர்கள்.

வெட்டுவது, ஏற்றுவது, இரைச்சல் நீக்குவது எல்லாம் நகலில். இன்று இரைச்சல் என்று நீக்குவதில் நாளைக்கு ஒருவர் தேடும் குரல் இருக்கலாம். மூன்று நகல்கள் வையுங்கள்; ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடக்கூடும், அதை நகல் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். இடம் போதவில்லை என்றால் ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒலியில் ஒரு துளியும் போகாமல் அளவு ஏறக்குறைய பாதியாகும்.

10. கலைஞருக்கு ஒரு நகல், அதுவும் முதலில்.

யூடியூபில் ஏற்றுவதற்கு முன் அவர் கேட்டாக வேண்டும். தொண்டை கட்டிய இரவாக இருக்கலாம். கோமாளி ஊர்க்காரர் யாரையாவது பெயர் சொல்லிக் கிண்டல் செய்திருக்கலாம். அந்தக் களத்தில் சிரித்து மறந்த பேச்சு இணையத்தில் ஏறினால் ஒரு குடும்பத்துக்குத் தலைவலியாகும். சாதி பற்றிப் பாடும் குழுவின் நடுப்பேச்சை முன்பின் இல்லாமல் அறுத்துப் போட்டால் பாடியவர்களுக்கே ஆபத்தாக முடியும். ஒரு மாதம் பொறுத்தால் எதுவும் கெட்டுப்போகாது.

விற்காதீர்கள். கூத்துக் குழுவுக்குப் பங்குனி முதல் ஆடிவரை கிடைக்கும் இரவுகள்தான் வருமானம். உங்கள் பதிவைப் பார்த்து இன்னோர் ஊர் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் அது நல்லது. பதிவே போதும் என்று ஓர் ஊர் நினைத்துவிட்டால் அது அவர்கள் வயிற்றில் அடிப்பது. பதிவின் தொடக்கத்திலேயே குழுவின் அனுமதியோடு அவர்களைத் தொடர்புகொள்ளும் வழியைச் சேர்த்துவிடுங்கள்.

தொகுப்பு பெரிதானால் தனி மனிதர் வீட்டில் நீண்ட நாள் வைத்திருப்பது சரியல்ல. அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் 1982இல் தொடங்கிய இசை ஆவணக் காப்பகம் இப்போது குருகிராமில் இருக்கிறது. களப்பதிவுகளை வாங்கிப் பாதுகாப்பதுதான் அதன் வேலை. செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் பெரிய புத்தகம் எழுதினார், ரிச்சர்டு ஃப்ராஸ்கா 1990இல் கூத்தைப் பற்றி எழுதினார். கடல் கடந்து வந்தவர்கள் நம் களத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து ஆவணப்படுத்திய காரியம் இது. அந்த மண்ணிலேயே பிறந்தவர்களின் பதிவும் அதற்குச் சமமான அக்கறையோடு காப்பகத்தில் போய்ச் சேர வேண்டும்.

11. புதிதாகப் பதிவதோடு நிற்காமல், பழையதைத் தேடுங்கள்.

நம் ஊர்களில் 80களிலும் 90களிலும் கூத்து, பம்பைப் பாட்டு, கோயில் மேளம் எல்லாவற்றையும் வீட்டு டேப் ரெக்கார்டரில் பிடித்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கேசட்டுகள் பரணில் கிடக்கின்றன. கிடைத்தால் உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் ஜன்னல் வழியே நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தனியாக உறையில் கட்டி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையேல் அடுத்தடுத்துப் போடும் கேசட்டுகளுக்கும் அது தொற்றும். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள்; தவறுதலாக அழிக்க முடியாது. பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஹெட்டின் சாய்வைத் திருத்தும் சின்னத் திருகு ஒன்று இருக்கும். தாளச் சத்தம் மிகத் தெளிவாகக் கேட்கும் இடம்வரை அதை மெல்லத் திருப்புங்கள். இதையெல்லாம் ஒரு பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டில் செய்து பழகிக்கொள்ளுங்கள். பிறகு கூத்துக் கேசட்டைப் போடும்போது, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதியத் தொடங்கிவிடுங்கள். இரண்டாவது தடவை அந்த நாடா அதே மாதிரி ஓடும் என்பதற்கு உறுதி இல்லை.